வடக்கை வலது பக்கம் வைத்த போஸ்டர்

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸிலிருந்து ஒரு போன் வந்தது. இனிமேல் ஆராய்ச்சி மாநாடுகளுக்குப் போஸ்டரை அச்சடித்து, சுருட்டி, தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லையாம். ஒரு ஃபைலை அனுப்பினால் போதும், அங்கே டிவி மாதிரி ஒரு திரையில் அதுவே வந்து நிற்குமாம். "அதனால நம்ம ஆண்டு மலருக்கு நீங்க ஒரு கட்டுரை எழுதணும் சார். அந்தக் காலத்துல எப்படி போஸ்டர் பண்ணீங்கன்னு" என்றாள், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்.

"அந்தக் காலம்" என்றதும் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஏதோ ஓலையில் எழுத்தாணியால் போஸ்டர் கீறியவனிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

திரை வந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. நாலடி பிளம்பிங் பைப்புக்குள் போஸ்டரைத் திணித்து, தோளில் சாத்திக்கொண்டு ரயிலேறியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒரு தடவை பங்காருபேட்டை ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர் என்னை நிறுத்தி பைப்பின் மூடியைக் கழற்றச் சொன்னார்.

"இன்னாய்யா இது?"

"பாறை, சார்."

"பாறையா?"

"பாறையைப் பத்தின படம், சார்."

அவர் போஸ்டரை பெஞ்சின் மேல் விரித்து, கை கட்டிக்கொண்டு, முழுசாகப் படித்தார். மாநாட்டில்கூட யாரும் அதை அவ்வளவு கவனமாகப் படிக்கவில்லை. கடைசியில் சொன்னார்: "முடிவை மேலயே போட்டுட்டியேப்பா. அப்புறம் எவன் கீழ படிப்பான்?"

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ செய்த வேலையை நாலடிக்கு மூன்றடித் தாள் ஒன்றில் அடக்கி, மாநாட்டில் ஒரு பலகையில் மாட்டி, பொருட்காட்சியில் அப்பளக்கடை போட்டவர் மாதிரி பக்கத்தில் இரண்டு மணி நேரம் நிற்பார்கள். போகிறவர் வருகிறவர் நின்று பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். அதுதான் போஸ்டர். அதை வரைந்து, அடுக்கி, அச்சுக்குக் கொடுக்கிற வேலை என்னுடையது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் புரிய வேண்டிய அவசியமில்லை. இந்தச் சலுகையை நான் கடைசிவரை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

என் படிப்பையும் பயிற்சியையும் பற்றி விரிவாக எழுதினால் நாலு வரி வரும். ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்தேன். தங்கவயலில் சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்தின் சர்வே ஆபீஸில், வரைபடங்களை நகலெடுக்கிற டிரேசராகச் சேர்ந்தேன். பாதாளத்தில் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை பார்த்த என் அப்பா, ரப்பரும் பென்சிலுமாக நிழலில் உட்கார்ந்திருக்கிற மகனைக் கலெக்டர் என்றே நினைத்தார். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். நான் என் ஸ்கேலை எடுத்துக்கொண்டு, அதே ஊரில் பாறைகளை ஆராய்கிற ஒரு சின்ன ஆபீஸுக்குப் போனேன். அங்கேதான் கம்ப்யூட்டர். முதல் வாரம், மவுஸ் மேஜை விளிம்புக்கு வந்ததும் அம்புக்குறி கீழே விழுந்துவிடுமோ என்று பயந்து கையை எடுத்துவிடுவேன்.

அந்த ஆபீஸின் தலைவர் நாகராஜ ராவ் சார். கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசி எங்கள் தமிழே அவருக்கும் வந்துவிட்டது. அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. பிடிக்காத எதைப் பார்த்தாலும் "சந்தோஷம்" என்பார். அவர் மூன்று தடவை சந்தோஷப்பட்டால் அந்த ஆள் பெங்களூரில் வேறு வேலை தேடிக்கொள்வது நல்லது.

போஸ்டருக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதல் படி, பென்சில். நாங்கள் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் பென்சில் முனையை வைத்து, "இந்த வரி செத்தா யாரு அழுவாங்க?" என்று கேட்பார். எழுதிய விஞ்ஞானி "நான் அழுவேன் சார்" என்று சொன்னால், "உனக்கு வீட்டுல போய் அழ இடம் இருக்கு" என்று அடித்துவிடுவார். பன்னிரண்டு பக்கம் உள்ளே போய் அரைப் பக்கமாக வெளியே வரும்.

இரண்டாவது படி, தூரம். மிச்சத்தை நான் தாளில் அடுக்கி, வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்திலிருக்கிற சுவரில் மாட்ட வேண்டும். சார் பத்தடி தள்ளி, கையில் காபி டம்ளரோடு நிற்பார். தலைப்பு அங்கிருந்து தெரிய வேண்டும். படம் எதைப் பற்றியது என்று அங்கிருந்தே புரிய வேண்டும். டம்ளர் காலியாவதற்குள் முழு விஷயமும் மண்டையில் ஏறவில்லை என்றால், டம்ளரைக் கவிழ்த்துவிட்டு "சந்தோஷம்" என்று உள்ளே போய்விடுவார். நான் கேன்டீனில் சொல்லி அவருக்குப் பெரிய டம்ளராகக் கொடுக்கப் பார்த்தேன். இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

மூன்றாவது படிதான் பயங்கரம். கேன்டீன் மேரியம்மா. சார் அவரைக் கூப்பிட்டு, "மேரியம்மா, இதுல இன்னா சொல்லியிருக்குது?" என்று கேட்பார். மேரியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். ஒருமுறை எங்கள் மூத்த விஞ்ஞானி ஒருவர் கட்டம் கட்டமாக எண்களை நிரப்பியிருந்தார். மேரியம்மா ஒரே பார்வை பார்த்தார்.

"இன்னா சார், பஞ்சாங்கம் மாதிரி இருக்குது. ராகுகாலம் எங்க போட்டிருக்கீங்க?"

டாக்டர் பட்டம் வாங்கியவர் காதெல்லாம் சிவந்து நின்றார். வெளிநாட்டு நிபுணர்களுக்குக்கூட அசராத ஆட்கள் எங்கள் ஆபீஸில் இருந்தார்கள். மேரியம்மா டம்ளர் எடுக்க அந்தப் பக்கம் வந்தால் போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு ஓடுவார்கள்.

என் கைங்கரியத்தையும் சொல்லியாக வேண்டும். கையால் வரைவது போய், கம்ப்யூட்டரில் அடுக்கி அச்சடிக்கத் தொடங்கிய புதிது. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எந்நேரமும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். பாறையின் அழுத்தத்தைப் பற்றிய போஸ்டரைக் கொடுத்துவிட்டு, "நல்லா பளிச்சுனு வரணும்" என்று மட்டும் சொன்னேன். கடைக்காரர் தன் மனத்துக்குப் பளிச்சென்று பட்டதைச் செய்துவிட்டார். சுற்றிலும் மாவிலைத் தோரணம். கீழே இரண்டு மூலையிலும் குத்துவிளக்கு. தலைப்புக்கு மேல் இரண்டு கை கூப்பி "வருக வருக". நான் விரித்துப் பார்க்காமல் அப்படியே கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினேன்.

ராவ் சார் பத்தடி தள்ளி நின்று காபியை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"சந்தோஷம், தேவராஜ். பொண்ணு யாரு, பாறையா?"

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதைச் சிரிக்கிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

கல்பனா என்று ஒரு பெண் எங்களிடம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தாள். எங்கள் ஊரில் ஸ்கெலட்டன் என்கிற பகுதிப் பெண். அவள் தாத்தாவும் என் அப்பாவும் ஒரே ஷிப்டில் கேஜ் என்கிற சுரங்கக் கூண்டில் இறங்கியவர்கள். மூடிய சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏற ஏற, தரை அவ்வப்போது லேசாக நடுங்கும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். அலமாரியில் பாத்திரம் கிணுங்கினால், "பூமி புரண்டு படுக்குது" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போடுவோம். கல்பனா அப்படி விடவில்லை. கருவிகள் பதிந்த ஒவ்வொரு நடுக்கத்தையும் எடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டு, வரைபடத்தில் புள்ளி வைத்தாள். புள்ளிகள் கண்ட இடத்தில் விழவில்லை. பழைய சுரங்கம் எப்படி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறதோ, அதே கோட்டில் வரிசையாக விழுந்தன. அது மட்டுமில்லை, மாதம் போகப்போகத் தெற்கிலிருந்து வடக்குப் பக்கமாக நகர்ந்தன. தண்ணீர் எந்தச் சுரங்கத்திலிருந்து எந்தச் சுரங்கத்துக்கு வழிகிறது என்பதைத் தரைக்கு மேலே உட்கார்ந்தபடியே அவள் பார்த்துவிட்டாள்.

ஆனால் அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிக்க வழியில்லை. அவள் அப்பா நம்மூர் ஆட்கள் பாதிப் பேர் மாதிரி விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் வருகிறவர். அங்கே ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் மகளுக்கு வேலை பேசிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். ஹைதராபாத் மாநாடு அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை.

ராவ் சார் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கல்பனா, ஒரு புரொபசர் அங்க வர்றார். அவர்கிட்ட பி.எச்டி.க்கு ஒரு இடம் இருக்குது. பேப்பரு, சர்டிபிகேட்டு எல்லாம் அவர் பார்க்கமாட்டார். போஸ்டர் முன்னாடி நிக்க வெச்சுக் கேள்வி கேட்பார். பிடிச்சா எடுத்துக்குவார். அவ்வளவுதான்." சொல்லிவிட்டு, மகளின் பிரசவத்துக்காக மைசூருக்கு லீவில் போய்விட்டார்.

ஆக, போஸ்டர் என் கையில்.

கல்பனா கொடுத்த வரைபடம் வடக்கு மேலே வைத்து, ஒல்லியாக, புடலங்காய் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே வர வேண்டியது சுரங்கத்தின் பக்கவாட்டு வெட்டுத் தோற்றம். பூமியைக் கேக் மாதிரி வெட்டி, கிழக்கே நின்று மேற்கே பார்த்தால், எந்த லெவல், அதாவது சுரங்கத்தின் எந்த அடுக்கு, எத்தனை ஆழத்தில் என்று தெரிகிற படம். அது இடமிருந்து வலமாக நீளமானது. ஒன்று நெட்டு, ஒன்று படுக்கை. தாளில் இரண்டும் பொருந்தவில்லை.

இங்கேதான் என் சர்வே ஆபீஸ் மூளை வேலை செய்தது. சுரங்கத்தில் நாங்கள் காலங்காலமாக வெட்டுத் தோற்றத்தை மேற்கே பார்த்துத்தான் வரைவோம். மேற்கே பார்த்து நின்றால் வடக்கு எங்கே? வலது கைப்பக்கம். அதோடு பொருந்துவதற்காக, மேலிருந்து பார்க்கிற வரைபடத்தையும் வடக்கு வலப்பக்கம் வருகிற மாதிரி படுக்கவைத்துவிடுவோம். மேலே புள்ளி, நேர் கீழே அந்தப் புள்ளிக்கான சுரங்கம். விரலை வைத்து இறக்கினால் போதும். தங்கவயலில் பிறந்தவனுக்கு வடக்கு என்றால் வலது பக்கம்தான். என் பாட்டுக்கு வரைபடத்தைப் படுக்கவைத்தேன். அச்சுப் பிசகாமல் பொருந்தியது.

ஒரே ஒரு குறை. வடக்கு காட்டுகிற அம்புக்குறி, குடித்துவிட்டு ரோட்டோரம் விழுந்து கிடக்கிறவன் மாதிரி பக்கவாட்டில் கிடந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில் அட்சரேகை எண்கள் வேறு. ராவ் சார் லீவில் இருந்தாலும் அவர் கேள்வி என்னிடம் இருந்ததே. இந்த அம்பு செத்தால் யார் அழுவார்கள்? யாரும் அழமாட்டார்கள் என்று தீர்மானித்துக் கொன்றேன். எண்களையும் அதோடு சேர்த்துப் புதைத்தேன். படம் முகச்சவரம் செய்த மாதிரி பளபளவென்று ஆனது.

முறை தவறக்கூடாது என்று சுவரில் மாட்டினேன். கல்பனா பார்த்தாள். "அண்ணா! புள்ளி எல்லாம் அப்படியே லெவல் மேல உக்காந்திருக்குது. சூப்பர்ணா!" டிரைவர் முனிசாமி பார்த்தார். "தெற்கால ஆரம்பிச்சு வடக்கால போகுது, கரெக்டா?" என்றார். மேரியம்மாவைக் கூப்பிட்டேன். அவர் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை விரலால் தடவிக்கொண்டே போய், நடுவில் நிறுத்தி, "இங்கதான் எங்க வூடு. அதான் போன மாசம் என் டம்ளர் செட்டு வுழுந்துச்சு" என்றார்.

இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? சோதித்த எல்லோரும் நம்மூர்க்காரர்கள் என்பது மட்டும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. உப்புக் கரிக்கிறதா என்று கடல் மீனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன்.

ஹைதராபாதுக்கு நானும் போனேன். எங்கள் ஆபீஸின் கருவிகளுக்கு அங்கே ஒரு மேஜை போட்டிருந்தார்கள், அதை அடுக்குகிற வேலை. ரயிலில் கல்பனா என்னைப் புரொபசராக நடிக்கச் சொன்னாள். நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "சொந்த ஊரு எது? கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு? பாட்டுத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அண்ணா, அவர் பி.எச்டி.க்குப் பார்க்க வர்றாரு, பொண்ணு பார்க்க இல்ல."

"ரெண்டுத்துக்கும் பயம் ஒண்ணுதானேம்மா" என்றேன். அவள் சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி மறுபடியும் தனக்குள் மனப்பாடம் செய்ய ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். பெரிய கூடம், வரிசை வரிசையாகப் பலகைகள். கல்பனா தன் போஸ்டர் பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்க நிற்கிறவள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எங்கள் மேஜை நாலடி தள்ளி. புரொபசர் வந்தார். உயரமான மனிதர், கழுத்தில் கண்ணாடி தொங்குகிறது, கையில் ஒரு சின்ன டைரி. அவர் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் கேட்டபோது இன்னும் பயமாக இருந்தது.

அவள் தொடங்குவதற்குள் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, தானே போஸ்டரைப் பார்த்தார். வரைபடத்தையே பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"உங்கள் ஊர்த் தங்கப்பாறை எந்தப் பக்கம் ஓடுகிறது?"

"வடக்கு தெற்காக, சார்."

"ஆனால் உன் புள்ளிகள் கிழக்கு மேற்காக ஓடுகின்றனவே. சுரங்கத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. அப்படியானால் இந்த நடுக்கத்துக்கும் சுரங்கத்துக்கும் சம்பந்தமில்லை என்றுதானே ஆகிறது? நீ நேர் எதிராக முடிவு எழுதியிருக்கிறாய்."

கல்பனா போஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. தெரியாது. என் கண்ணுக்கும்தான் தெரியவில்லை. இந்த மனுஷன் என்ன உளறுகிறார், வடக்கு தெற்காகத்தானே கிடக்கிறது என்று நான் மேஜைப் பக்கமிருந்து முணுமுணுத்துக்கொண்டேன். அப்புறம் பக்கத்துப் பலகையில் இருந்த வேறு ஊர் வரைபடத்தைப் பார்த்தேன். அதற்கடுத்ததைப் பார்த்தேன். அத்தனையிலும் வடக்கு மேலே இருந்தது. அத்தனையிலும் ஒரு குட்டி அம்பு, நெட்டுக்குத்தாக, நல்ல பிள்ளையாக நின்றது.

நான் கொன்று புதைத்த அதே அம்பு.

கல்பனாவுக்கும் அதே நேரத்தில் பிடிபட்டுவிட்டது. அவள் என் பக்கம் திரும்பினாள். ஒரே நொடிதான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வரைபடம் யார் போட்டது?" என்றார் புரொபசர்.

"நான்தான், சார்" என்றாள் கல்பனா.

அவர் டைரியில் ஏதோ எழுதினார். நிச்சயம் நல்லதாக இருக்காது. "திசையைக் கவனிக்காத ஆள் பூமியைப் பற்றி..." என்று எதையோ தொடங்கி, முடிக்காமல், தலையை ஆட்டிவிட்டு அடுத்த பலகைக்குப் போகக் கால் எடுத்தார்.  அவள் மூன்று வருஷம் போட்ட கணக்கு அங்கே பளபளவென்று தொங்கிக்கொண்டிருக்கிறது. நான் அழகு பார்த்து அழித்த ஒரு அம்பினால் அவள் திங்கட்கிழமை இன்சூரன்ஸ் ஆபீஸில் ஃபாரம் நிரப்பப் போகிறாள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு எந்த ஜோக்கும் தோன்றவில்லை.

ஜோக் தோன்றாதபோது என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. அதனால் நான் மேஜையைத் தாண்டிப் போய், பலகையிலிருந்த நாலு பின்னையும் பிடுங்கி, போஸ்டரைக் கழற்றி, வலது ஓரம் மேலே வருகிற மாதிரி திருப்பி நெட்டுக்குத்தாக மாட்டினேன். தலைப்பு, எழுத்து, கல்பனாவின் பெயர் எல்லாம் சுவரேறும் எறும்பு மாதிரி கீழிருந்து மேலே ஏறின. கீழ் ஓரம் பலகையைத் தாண்டித் தரையை உரசியது.

"சார்!" என்று கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அத்தனையையும் திரட்டினேன். "ப்ளீஸ் சார். படத்தை இப்போ ஒரு தடவை பாருங்க. எழுத்தைப் படிக்க மட்டும் கழுத்தைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்ச்சுக்குங்க."

கூடத்தில் ஒரு பத்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் போஸ்டரைப் பக்கவாட்டில் மாட்டிவிட்டு, புரொபசருக்குக் கழுத்துப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறான் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? வந்தவர்கள் எல்லோரும் தலையை இடப்பக்கம் சாய்த்தார்கள். புரொபசரும் சாய்த்தார், தன்னை அறியாமல்.

"நீங்கள் யார்?"

"டிராஃப்ட்ஸ்மேன், சார். இந்தப் பொண்ணு பொய் சொல்லுது. அது கொடுத்த வரைபடத்துல வடக்கு மேல இருந்தது, அம்பும் இருந்தது. படுக்கவெச்சது நான். அம்பு அசிங்கமா இருக்குதுன்னு அழிச்சதும் நான். எங்க ஊர்ல எல்லாருக்கும் வடக்கு வலது பக்கம் சார். உலகத்துல மத்தவங்களுக்கு மேல இருக்குதுன்னு எனக்கு மறந்துபோச்சு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். புரொபசர் சிரிக்கவில்லை. சாய்த்த தலையோடு எழுத்தையும் புள்ளிகளையும் மாறி மாறிப் பார்த்தார். புள்ளிகள் இப்போது பலகையில் மேலும் கீழுமாக, பாறை ஓடுகிற கோட்டில் நின்றன.

"சரி" என்றார், என்னைப் பார்க்காமல். "புள்ளிகள் நகர்கின்றன என்று எழுதியிருக்கிறாய். எந்தப் பக்கம்? ஏன்?"

கேள்வி கல்பனாவுக்கு. அவள் மனப்பாடம் செய்ததெல்லாம் போஸ்டர் நேராகத் தொங்குவதற்காகச் செய்தது. அது உதவாது. ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். திருப்பி மாட்டியதில் தெற்கு தரைக்குப் பக்கத்தில் போய்விட்டது அல்லவா? அங்கே விரலை வைத்துத் தொடங்கினாள். இந்தச் சுரங்கத்தில் முதலில் தண்ணீர் நிரம்பியது, இந்த லெவலில் பக்கத்துச் சுரங்கத்துக்கு ஒரு வழி வெட்டியிருக்கிறார்கள், அதுவரை ஏறியதும் அந்தப் பக்கம் வழிந்தது, அங்கே காய்ந்து கிடந்த பாறை கனம் தாங்காமல் முனகியது, அந்த மாதத்துப் புள்ளிகள் இதோ. விரல் ஏற ஏற அவளும் எழுந்தாள். மண்டியிலிருந்து குனிந்து, குனிந்ததிலிருந்து நிமிர்ந்து, கடைசிப் புள்ளிக்கு வந்தபோது நேராக நின்றாள். "அடுத்தது இங்கே நடுங்கும் சார்" என்று புள்ளியே இல்லாத ஓர் இடத்தைத் தொட்டாள்.

"உறுதியாகவா?"

"வழி அடைபடாமல் இருந்தால், சார். அடைபட்டிருந்தால் என் கணக்கு தப்பு. அது எனக்கும் தெரிய வேண்டும்."

புரொபசர் தலையை நிமிர்த்தினார். கழுத்து சொடுக்கிய சத்தம் எனக்கே கேட்டது. இன்னும் நாலு கேள்வி கேட்டார். மூன்றுக்குப் பதில் சொன்னாள். ஒன்றுக்கு, "தெரியாது சார்" என்றாள். அதற்குத்தான் அவர் தலையாட்டிய மாதிரி எனக்குப் பட்டது.

பிறகு என் பக்கம் திரும்பினார். "பழையபடியே மாட்டுங்கள். கீழே உள்ள வெட்டுத் தோற்றத்தோடு பார்க்க அதுதான் சரி. நான் அதை யோசித்திருக்க வேண்டும்." சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்து நீட்டினார். "ஆனால் முதலில் அந்த அம்பைப் போடுங்கள்."

முப்பத்தைந்து வருஷம் கோடு போட்டவன் நான். ஸ்கேல் இல்லாமல் ஒரு சாண் நேர்கோடு இழுப்பேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன். அத்தனை பேர் முன்னால் அன்றைக்கு நான் போட்ட அம்பு, வெயிலில் காய்ந்த வெண்டைக்காய் மாதிரி வந்தது. அது காட்டியது வடக்கா வடமேற்கா என்று அதற்கே தெரிந்திருக்காது.

புரொபசர் அதைப் பார்த்தார். கல்பனாவைப் பார்த்தார்.

"ஜூலையில் வந்து சேர். விண்ணப்பத்தை நாளைக்கே அனுப்பிவிடு." இரண்டடி போய்த் திரும்பி நின்றார். "உன் டிராஃப்ட்ஸ்மேனைக் கூட்டிக்கொண்டு வராதே."

அதற்கப்புறம் கல்பனா கொஞ்ச நேரம் எங்கள் மேஜைக்குப் பின்னால், கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "உண்மையைச் சொல்லியிருக்கலாமேம்மா, நான்தான் போட்டேன்னு?" என்று கேட்டேன்.

"நானும்தானேண்ணா சூப்பர்னு சொன்னேன். பேரு என்னுது போட்டிருக்குது. அப்ப படமும் என்னுதுதான்." தண்ணீரைக் குடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "இன்னொருவாட்டி எதையாவது அழிச்சே, மேரியம்மாகிட்ட சொல்லிக்குடுத்துடுவேன்."

அப்புறம் வராந்தாவுக்குப் போய் அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் வேலை முடிந்து பெங்களூரிலிருந்து ஊருக்குத் திரும்புகிற ரயிலில் இருந்தார். பெட்டிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று அவர் கத்த, இவள் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கத்தினாள்.

"அப்பா, கிடைச்சிடுச்சுப்பா!"

"இன்னாது?"

"படிக்கிற இடம்! அந்த இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு வரலைன்னு சொல்லிடு. திங்கட்கிழமையிலிருந்து எனக்கு ரயில்ல இடம் போடச் சொல்லியிருந்தியே, அதுவும் வேணாம்."

 அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, தினமும் கூட வருகிற பெட்டி முழுவதற்கும் சொல்வது கேட்டது: "டேய், எம் பொண்ணுக்குக் கிடைச்சிடுச்சுடா! ஜன்னலோரம் புடிக்கச் சொன்னேனே, வேணாம், வுட்டுடு!"

ஒரே இரைச்சல், கைதட்டல், யாரோ விசில். அதற்கு நடுவே ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அப்போ அந்த ஜன்னல் எனக்கு!"